கணக்கேடு யார் கையில்?

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூயோர்க்கில் மேடையேறிய நாள்முதல் அதனைப்பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் பெரும்பகுதி ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்வது. அரசர்க்கும் வீரர்க்கும் உரியதெனக் கிரேக்கர் காலந்தொட்டுக் கருதப்பட்ட அவலநாடகம் ஒரு சாதாரண விற்பனையாளனுக்குப் பொருந்துமா என்பதே அவ்வினா. மில்லரே அதே ஆண்டில் இதற்கு விடையாக ஒரு கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் நாமும் இவ்வினாவுக்கு விடையெழுதிப் புள்ளி பெற்றவர்களே. அரிஸ்டோட்டிலை ஒரு பக்கத்திலும் வில்லி லோமனை மறு பக்கத்திலும் நிறுத்தி, இறுதியில் இருவரையும் சமாதானப்படுத்தி வைத்தோம். இன்று திரும்பிப் பார்க்கையில், நாடகத்தின் நடுவே அமைந்த ஒரு காட்சியை நாம் அக்காலத்தில் வாசிக்கவேயில்லை என்று தோன்றுகிறது.

அதனை எமக்கு வாசித்துக் காட்டியவர் திறனாய்வாளர் ஒருவரல்லர். எமது பாடசாலையில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்துக்கு உயர்தர வகுப்பு மாணவரோடு பழைய மாணவர் சிலரும் வருவதுண்டு. சென்ற ஆடி மாதம் மில்லரின் நாடகத்தை எடுத்துக்கொண்டோம். ஆங்கில மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்சி காட்சியாகத் தமிழிற் சொல்லிச் சென்றோம். இரண்டாம் அங்கத்தில், முப்பத்தாறு வயதுடைய முதலாளி ஹோவார்ட் அறுபத்துமூன்று வயதுடைய வில்லியை வேலையினின்று நீக்கும் கட்டம் முடிந்ததும் மாணவர் ஹோவார்டைத் திட்டத் தொடங்கினர். பின்வாங்கிலில் இருந்த பழைய மாணவர் ஒருவர் மட்டும் கையை உயர்த்தி, “வில்லியின்ரை கொமிஷன் கணக்கு ஆரிட்டை இருந்தது, சேர்?” என்று கேட்டார். எமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பதைக் கூட்டம் கலைந்தபின் அறிந்தோம். வடபகுதி நகரொன்றில், வாகனங்களைக் குத்தகைக் கடனுக்கு வழங்கும் நிதிக் கம்பனி ஒன்றின் கிளையில் அவர் ஆறாண்டுகள் வேலை பார்த்தவர். வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதும் தவணைப் பணத்தை அறவிடுவதும் அவர் பணி. ஆண்டுக்கு ஓர் இலக்கு. இலக்கை எட்டியவருக்கு ஆண்டு முடிந்தபின் போனஸ். புரட்டாதியில் நடந்த செயலாற்றுகை மதிப்பீட்டில் அவருக்கு நல்ல புள்ளிகளே கிடைத்தன. மார்கழியில் புதிய முகாமையாளர் வந்தார். தை மாதத்தில் இரண்டாவது மதிப்பீடொன்று நடந்தது. அதிலே அவர் எதிர்பார்ப்புக்குக் குறைந்தவர் ஆனார். மாசியில் வேலை போயிற்று. நிதியாண்டு முடிவதற்கு அப்போது ஆறு வாரங்களே இருந்தன. ஆனியில், அவர் கொண்டுவந்து சேர்த்த வாடிக்கையாளரையும் கணக்கிற் சேர்த்து, கிளையிலிருந்த ஏனையோருக்குப் போனஸ் வழங்கப்பட்டது. அவர் எழுதிக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இரண்டு வரி. கொடுப்பனவு நாளிற் சேவையில் இல்லாதோர் அதற்கு உரித்துடையவரல்லர் என்பது முதல் வரி. போனஸ் என்பது கம்பனியின் விருப்பத்துக்குட்பட்டது என்பது இரண்டாவது. இரு மதிப்பீட்டுப் படிவங்களும் கம்பனியின் கணினியில் இருந்தன. வேலைநீக்கக் கடிதம் கையிற் கொடுக்கப்பட்ட அதே காலையில் அவருடைய கடவுச்சொல் நிறுத்தப்பட்டிருந்தது.

இதனை மனத்திற் கொண்டு வீடு திரும்பி நாடகத்தை மீண்டும் புரட்டினோம்.

வில்லி அலுவலகத்தினுள் நுழையும்போது ஹோவார்ட் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறான். மகள் சீட்டியடித்ததும், மகன் மாநிலத் தலைநகரங்களை ஒப்புவித்ததும், மனைவி பேசத் தயங்கியதும் அதிலே பதிவாகியுள்ளன. எந்திரம் மனிதனை விழுங்கும் நாகரிகத்தின் குறியீடு இக்கருவி என்று வகுப்பறைகளிற் கூறுவது வழக்கம். நாமும் அவ்வாறே கூறிவந்திருக்கிறோம். இம்முறை வேறொன்று கண்ணிற் பட்டது. முதலாளியின் பிள்ளை அடித்த சீட்டிகூடப் பதிவாகும் அவ்வறையில், வில்லி முப்பதாண்டுக்கு மேலாகச் செய்த வேலையைப்பற்றிய பதிவு ஒன்றும் மேசைமீது இல்லை. இருந்தாலும் அது மேசைக்கு அப்பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

வில்லி கேட்பது என்ன? ஊர் ஊராய்க் கார் ஓட்டிச் செல்ல இனி இயலாது, நியூயோர்க்கிலேயே ஓரிடம் வேண்டும் என்பது. வாரத்துக்கு 65 டொலர் என்று தொடங்குகிறான். அது 50 ஆகிறது. பின்னர் 40 ஆகிறது. மறுபக்கத்திலிருந்து எதிர்விலை எதுவும் வரவில்லை. தன் உழைப்பின் பெறுமதியைத் தானே குறைத்துக்கொண்டு போகிறான். கையில் ஒரு துண்டுக் காகிதமும் இன்றிப் பேரம் பேசுபவன் செய்யக்கூடியது அவ்வளவே. இடையில் அவன் இறந்துபோன பழைய முதலாளியை, ஹோவார்டின் தந்தையை, துணைக்கழைக்கிறான். இதே மேசையில் வாக்குறுதிகள் தரப்பட்டன என்கிறான். பழமும் தோலும் என்ற உவமை வருவது இவ்விடத்தில்தான். எல்லோரும் அதனையே மேற்கோள் காட்டுவர். எமக்கோ அதற்கு அடுத்த கணத்தில் நிகழ்வதே காட்சியின் உயிராகப் படுகிறது. 1928ஆம் ஆண்டிலே வாரத்துக்குச் சராசரி 170 டொலர் கொமிஷன் ஈட்டியதாக வில்லி கூறுகிறான்; ஹோவார்ட் அவ்விடத்திலேயே அதை மறுக்கிறான். இறந்தவரின் வாக்குறுதிக்குச் சாட்சியில்லை. 1928இன் கணக்குக்குச் சாட்சி இருந்திருக்க வேண்டும். விற்பனைக் கம்பனியொன்று கொமிஷன் ஏடு வைக்காமல் இயங்காது. அதைத் திறந்து பார்ப்போம் என்று ஹோவார்டும் கூறவில்லை, வில்லியும் கேட்கவில்லை.

வேலைநீக்கம் முடிந்தபின் ஹோவார்ட் ஒரு விஷயத்தை மறவாமல் நினைவூட்டுகிறான். மாதிரிப் பொருட்களை இந்த வாரத்துள் கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும். கம்பனிக்கு அவனிடமிருந்து வரவேண்டியது என்னவென்று கம்பனிக்குத் தெரியும். அவனுக்குக் கம்பனி தரவேண்டியது ஏதேனும் உண்டா என்ற பேச்சு எழவேயில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். வாசகர் வட்டத்திலேயே ஒரு மாணவி எழுப்பினாள். வில்லி பொய்யன் அல்லவா? முதலாம் அங்கத்தில் பழைய நினைவாக வரும் காட்சியில், பயணத்தினின்று திரும்பிய வில்லி, புரொவிடன்சில் 500 குரோசும் பொஸ்ரனில் 700 குரோசும் விற்றதாக மனைவி லிண்டாவிடம் அளக்கிறான். லிண்டா பென்சிலை எடுத்துக் கூட்டுகிறாள். கொமிஷன் 212 டொலர் வருகிறது. அவள் கூட்டக்கூட்ட அவன் குரல் இறங்குகிறது. முடிவில் முழுப் பயணத்திலும் விற்றது ஏறக்குறைய 200 குரோசுதான்; கொமிஷன் 70 டொலரும் சில்லறையும். இப்படிப்பட்டவன் 1928ஐப் பற்றிச் சொல்வதை எவ்வாறு நம்புவது? சேவைக்காலமே நாடகத்தில் இரண்டாக இருக்கிறது. தான் 34 ஆண்டு உழைத்ததாக வில்லி கூறுகிறான். லிண்டா 36 ஆண்டு என்கிறாள். நாடகாசிரியரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. சேவைக்காலச் சான்றிதழ் வீட்டில் இல்லாத குடும்பங்களில் கணவனும் மனைவியும் இவ்வாறுதான் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

மாணவியின் தடை வலுவானதே. ஆனால் அந்தச் சமையலறைக் காட்சியை இன்னொருமுறை பார்க்கவேண்டும். நாடகம் முழுவதிலும் நேர்மையாக நடந்த செயலாற்றுகை மதிப்பீடு அது ஒன்றே. அங்கே பென்சில் உண்டு. இருவர் கண்முன் இருக்கும் காகிதம் உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கும் கூரைக்கும் தவணை கட்ட உண்மைத் தொகை தெரியவேண்டிய ஒருத்தி உண்டு. அதனால் வில்லியின் மிகைப்பேச்சு சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியவில்லை. ஹோவார்டின் அறையில் ஏடு மூடியிருக்கிறது. மூடிய ஏட்டின் முன்னே வில்லியின் 170 டொலருக்கும் ஹோவார்டின் மறுப்புக்கும் உள்ள பெறுமதி ஒன்றே. முதலாளியின் மறுப்பு வெல்வது அது மெய் என்பதனாலன்று, அவன் முதலாளி என்பதனால். ஆகவே தொழிலாளி மிகைப்படுத்துவான் என்பது ஏட்டை அவனுக்குக் காட்டாமல் வைத்திருப்பதற்கு நியாயமாகாது. அவனுக்கும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்பதற்கே அது நியாயமாகும்.

மில்லர்மேல் எமக்குள்ள குறையையும் இவ்விடத்தே சொல்லிவிடவேண்டும். தன் கதாநாயகனின் சொல்லை நம்பமுடியாதபடி அமைத்ததன்மூலம் அவர் பார்வையாளரை நியாயத்தினின்று பரிவுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார். அழுவதற்கு நிறைய இடமுண்டு. இவனுக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்று கேட்பதற்கு இடமில்லை. பரிவோ இந்நாடகத்தில் எவரிடத்தும் குறைவில்லை. ஹோவார்ட்கூட ஓய்வெடுக்கும்படி அறிவுரை கூறித்தான் அனுப்புகிறான். அயலவன் சார்லி வாரத்துக்கு 50 டொலர் கடன் கொடுக்கிறான், வேலையும் தருகிறேன் என்கிறான். அந்தக் கடனைத்தான் வில்லி சம்பளம் என்று லிண்டாவிடம் கொடுத்துவருகிறான். சம்பளமில்லாமற் கொமிஷனுக்கு மட்டும் வேலைசெய்யும் நிலைக்கு, நேற்று வந்த பழகுநனைப்போல், அவன் இறக்கப்பட்டு ஐந்து வாரமாயிற்று என்பது லிண்டாவுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவே வில்லியின் கையில் உரிமைப் பத்திரம் ஒன்றே ஒன்று உண்டு. அது 20,000 டொலர் ஆயுட் காப்புறுதிப் பத்திரம். அவனுக்கு இன்ன தொகை தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று யாரோ கையொப்பமிட்டு எழுதிக்கொடுத்த காகிதம் அது ஒன்றுதான். அவன் காரை வெளியே எடுத்துக்கொண்டு போய் மாள்வதை அறிவுப் பிறழ்ச்சி என்று பலர் எழுதியுள்ளனர். எழுத்திலுள்ள கடனை மட்டுமே வசூலிக்க முடியும் என்பதை அந்தப் பகலில் கற்றுக்கொண்ட ஒரு விற்பனையாளனின் கணக்கு என்றே நாம் அதனை வாசிக்கிறோம்.

போனஸ் என்பதை முதலாளியின் கொடையாகக் காட்டும் மரபு இலக்கியத்திற் பழையது. கோகொலின் ‘மேலங்கி’ 1842இல் வெளிவந்தது. ஆண்டுக்கு 400 ரூபிள் சம்பளம் பெறும் எழுதுவினைஞனுக்குப் புதிய மேலங்கிக்கு 80 ரூபிள் வேண்டும். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் அரைக் கொப்பேக்கைப் பெட்டியிற் போட்டுச் சேர்த்தது 40. மீதி, பண்டிகைக் கால வெகுமதியாக வரவேண்டும். 40 அல்லது 45 வரும் என்று அவன் எண்ணியிருக்க, மேலதிகாரி 60 வழங்கிவிடுகிறார். அவனுக்கு மேலங்கி தேவை என்பதை மேலதிகாரி உணர்ந்தாரோ, தற்செயலாக நேர்ந்ததோ, தெரியாது என்கிறார் கதைசொல்லி. இந்த ‘தெரியாது’ கோகொலின் நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். ஒருவனுடைய ஆண்டு முழுவதின் உழைப்புக்கு 60 ஏன் வந்தது என்பதற்குக் காரணம் கூறவேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்பதே அச்சிரிப்பின் அடியிலுள்ள செய்தி. காரணமின்றிக் கொடுத்த அதே அலுவலக உலகம், மேலங்கி பறிபோய் முறையிடச் சென்றவனைக் காரணமின்றி அதட்டியும் அனுப்புகிறது.

கொடையா, பிற்போட்டு வழங்கும் கூலியா என்ற இவ்வழக்கு இந்தியாவிலே தெருவில் நடந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் வழங்கத் தொடங்கிய போனஸை பம்பாய் ஆலை முதலாளிகள் நிறுத்தியபோது, 1924இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதம நீதியரசர் மக்லியொட் தலைமையிலான குழு, போனஸ் கேட்கத் தொழிலாளருக்கு வழக்காற்றின்படியும் உரிமையில்லை, சட்டத்தின்படியும் உரிமையில்லை என்று தீர்த்தது. நாற்பதாண்டுகள் சென்று 1965இல் இயற்றப்பட்ட இந்தியப் போனஸ் சட்டம், வரையறுத்த சம்பள எல்லைக்குட்பட்டவர் ஓராண்டில் 30 நாள் வேலைசெய்திருந்தாலே உரித்துடையவர் என விதித்தது. மோசடி, வன்முறை, களவு போன்ற குற்றங்களுக்காக நீக்கப்பட்டவரே அதனை இழப்பர். கொடுப்பனவு நாளில் ஆள் கதிரையில் இருந்தாரா என்ற கேள்வியை அச்சட்டம் கேட்கவில்லை. இலங்கையில் தனியார் துறையினர்க்கு அத்தகைய பொதுச்சட்டம் இல்லை.

வில்லி வழக்குத் தொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1949இல் அமெரிக்க நீதிமன்றம் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். காலவரையறையற்ற வேலையை இரு தரப்பில் எவரும் எப்போதும், காரணமின்றியும், முடித்துவிடலாம் என்ற கோட்பாடு அங்கே வேரூன்றியிருந்தது. 1877இல் ஒரு சட்ட நூலாசிரியர் எழுதிவைத்ததை நீதிமன்றங்கள் வழிமொழிந்துவந்தன. அதில் முதல் விரிசல்களுள் ஒன்று வில்லியின் விற்பனைப் பிரதேசமான நியூ இங்கிலாந்திலேயே விழுந்தது நாடகத்தை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும். நாஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பனியில் ஏறத்தாழ 25 ஆண்டு சேவைசெய்த விற்பனையாளர் ஒருவரின் பிரதேசத்தில், 1968 நவம்பர் இறுதியில், சுமார் 50 இலட்சம் டொலர் பெறுமதியான கட்டளையொன்று கைச்சாத்தானது. அதற்குரிய போனஸ் 92,000 டொலருக்குச் சற்று அதிகம். சில நாட்களுக்குள் திகதியிடப்பட்ட வேலைநீக்க அறிவித்தல் சனவரியில் அவருடைய மேசைமேல் இருந்தது. பின்னரும் சிறிது காலம் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு, போனஸில் முக்காற் பங்கைக் கொடுத்தனர். காற்பங்கு வரவில்லை. ஒப்பந்தத்தின் எழுத்தைப் பார்த்தால் கம்பனி எதையும் மீறவில்லை என்பதை மசாசூசெட்ஸ் உயர்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆயினும், உழைத்து முடித்த வேலைக்குரிய கொடுப்பனவைத் தவிர்ப்பதற்காக ஒருவரை நீக்குவது நல்லெண்ணத்துக்கு மாறானது என்றும், ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடினும் நல்லெண்ணம் அதனுள் அடங்கியதே என்றும் கூறி, 1977இல் விற்பனையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு மேல் அந்நீதிமன்றம் போகவில்லை. காரணமின்றி நீக்குவதே தவறு என்று அது கூறவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1957இல், எமது நாட்டின் சட்டம் இதனிலும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம் தொழில் நியாயசபைகளை உருவாக்கிற்று. நீக்கப்பட்ட தொழிலாளி தனியொருவராகவே அங்கு செல்லலாம். பணிக்கொடையோ வேறு நன்மைகளோ தனக்கு உரியனவா, எவ்வளவு என்பதையும் அங்கே கேட்கலாம். சேவை ஒப்பந்தம் எதுவாயினும், அதற்கு மாறாகவும், நியாயசபை நிவாரணம் வழங்கலாம் என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள். அக்காலத்தில் தொழில் அமைச்சராக இருந்தவர் ரி. பி. இலங்கரத்ன. ‘அம்ப யஹலுவோ’ என்ற சிங்கள நாவலை எழுதிய அதே இலங்கரத்னதான். 1947இல் அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து வேலைநிறுத்தத்தில் வேலையிழந்தவர் அவர். அவ்வேலைநிறுத்தத்தில், யூன் 5ஆம் திகதி, பொலிசாரின் சூட்டுக்கு இரையானவர் கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர். வேலைநீக்கக் கடிதத்தின் பாரத்தைக் கையிலே உணர்ந்தவர் அமைச்சரானதற்கும் இச்சட்டம் பிறந்ததற்கும் தொடர்பில்லை என்று எம்மால் எண்ண முடியவில்லை.

அதன்பின் வந்த சட்டங்களும் உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேலைநீக்கத்துக்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்தாண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பணிக்கொடைக்கு எண்ணப்படும் சம்பளத்தில் அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப்படியும் துண்டுக்கூலியுமே இடம்பெறும். போனஸ் அக்கணக்கில் இல்லை. எனவே சம்பளத்தைக் குறைத்துப் போனஸைப் பெருக்குவது கம்பனிகளுக்கு இருமடங்கு இலாபம். வேலையில் இருக்கும்போது அது கடிவாளமாகிறது. விலகும்போது கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

இந்த வித்தையைத் தமிழ்த் தொழிலாளருக்கு நிதிக் கம்பனிகள் புதிதாகக் கற்பிக்கவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஒரு தோட்டத்தினின்று இன்னொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளிக்குத் துரை தரும் சீட்டு அது. அவன் எத்தனை ஆண்டு எத்தனை ஏக்கர் கவ்வாத்து வெட்டினான் என்பது அதில் இராது. அவன் பெயரில் நிற்கும் கடன் எவ்வளவு, எவ்வளவைக் கட்டினால் விடுவிக்கலாம் என்பதே இருக்கும். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனை எழுதி உழைப்பை எழுதாது விடும் பழக்கம் எளிதில் ஒழியவில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று பத்திரிகைகள் எழுதின. அதில் அடிப்படை 500 மட்டுமே. உற்பத்தி ஊக்குவிப்பு 140, வரவுக் கொடுப்பனவு 60, விலைப்பங்கு 30. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கணக்கிடப்பட்டது அந்த 500க்குத்தான். 2019இல் ஊக்குவிப்புகள் நீக்கப்பட்டு அடிப்படை 700 ஆயிற்று. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவதும், தராசுக்கு அப்பக்கத்தில் நிற்பவர் சொல்வதே நிறையாவதும் மலையகத்தில் எவரும் விளக்கிச் சொல்லவேண்டிய விஷயங்களல்ல.

இதை இலக்கியமாக்கியவர் எம்மிடையே இல்லாமலில்லை. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதையில் ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறையே ஐயத்துக்குள்ளாகி அவளுடைய மானப்பிரச்சினையாகிறது. ஓர் உழைப்பாளியின் செயலாற்றுகை மெய்யா என்ற கேள்வியை ஈழத்துத் தமிழ்ச் சிறுகதை எழுப்பிய அரிய தருணம் அது. மில்லரின் 170 டொலருக்கு ஒப்பானது அக்கூடை. ஆயினும் பொதுவாக எமது முற்போக்கு எழுத்தாளரின் கதைகளில் முதலாளி கொடியவனாக இருப்பான், தொழிலாளி நல்லவனாக இருப்பான், முடிவிலே கொடியோ கண்ணீரோ இருக்கும், கணக்கு மட்டும் இராது. வேலையிழந்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்பதுடன் கதை முடியும். அவனுக்கு வரவேண்டியது எவ்வளவு, அதை எங்கே போய்க் கேட்பது, எந்தக் கடதாசியைக் காட்டுவது என்பன கலைக்குப் பொருந்தாத விஷயங்கள் என்று எங்கோ முடிவாகிவிட்டது. எண்களைக் கண்டு எம் எழுத்தாளர் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்பது எமக்கு விளங்கவில்லை. பால்சாக்கின் நாவல்களிற் கடன்சீட்டுகள் இல்லாத பக்கங்கள் குறைவு.

பழைய மாணவரின் வழக்குக்கு வருவோம். ஆடி மாதக் கூட்டத்தின்போது அவருக்கு இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகவே அவகாசம் இருந்தது. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்காவிடின் கதவு அடைபட்டுவிடும். சட்டத்தரணி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். இரு மதிப்பீடுகளையும் கம்பனி சமர்ப்பிக்கும்படி சபையிடம் கோரலாம், ஆனால் வெறுங்கையோடு போய் நிற்கவேண்டாம், கையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். இருந்தவை இரண்டு. ஐந்தாண்டு ஆனி மாதங்களில் போனஸ் வரவு விழுந்திருந்த வங்கிப் புத்தகம் ஒன்று. மற்றையது, கம்பனியின் கைத்தொலைபேசியையும் மோட்டார் சைக்கிளையும் அடையாள அட்டையையும் திருப்பி ஒப்படைத்ததற்குக் கொடுத்த பற்றுச்சீட்டு. கம்பனியின் முத்திரையோடு அவரிடம் இருந்த கடைசிக் காகிதம் அதுதான். ஹோவார்ட் கேட்ட மாதிரிப் பெட்டிகள் எமக்கு நினைவுக்கு வந்தன.

நீக்கப்பட்ட ஆண்டில் அவர் என்ன வேலை செய்தார் என்பதற்கு அவை போதா. அவரே ஒரு வழி கண்டார். குத்தகைக் கடன் உடன்படிக்கை ஒவ்வொன்றும் இரு பிரதிகளாக எழுதப்படும். ஒன்று கம்பனிக்கு, மற்றது வாடிக்கையாளருக்கு. இரண்டிலும் அறிமுகஞ் செய்த உத்தியோகத்தரின் கையொப்பமும் திகதியும் உண்டு. முச்சக்கர வண்டிக்காரரும் சிறு லொறிக்காரரும் கோழித்தீவன வியாபாரிகளுமான அவர்களின் வீட்டு விலாசங்கள் அவருக்கு மனப்பாடம். இரவல் சைக்கிளில், மாலை வேளைகளில், வீடு வீடாகச் சென்று பழைய பெட்டிகளிலிருந்து எடுப்பித்துப் பிரதி எடுத்தார். சிலர் தவணை கேட்க வந்ததாக எண்ணிக் கதவைத் திறக்கத் தயங்கினார்களாம். விஷயத்தைக் கேட்டபின் தேநீர் கொடுத்தார்களாம்.

ஆவணி முதல் வாரத்துக்குள் முப்பத்தொரு பிரதிகள் சேர்ந்தன. விண்ணப்பம் பதியப்பட்டுவிட்டது; முதலாம் தவணை கார்த்திகையில்.